கறுத்த ஓலையும் காணாத ஒளியும்
(புற ஊதா, அகச்சிவப்புப் புகைப்படக் கருவிகள் பற்றி அறிவியல் மன்ற மாணவியர் எழுதியது)

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் உறவினர்கள் தங்குவதற்காக, நம் திருத்தணி மலையடிவாரத்து வீடுகளில் பரணை ஒழித்துச் சுத்தம் செய்வது வழக்கம். அப்படி ஒழித்தபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டு இறங்கியது. அடுப்புப் புகை பட்டுப் பட்டு அது கரிக்கட்டை போலிருந்தது. அவளுடைய ஆயா சொன்னார்: “மந்திரமோ மருந்தோ, யாருக்குத் தெரியும்? வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்கு மஞ்சள் வைத்துக் கும்பிட்டதுதான் மிச்சம். இனிமேல் நந்தி ஆத்துல விட்டுடலாம்னு பார்க்கறேன். ஆத்துல தண்ணிதான் வரலை.”

ஆற்றில் தண்ணீர் வராததால் அக்கட்டு பிழைத்தது. தோழி அதை ஆயாவின் அனுமதியோடு பள்ளிக்குக் கொண்டுவந்தாள். கண்ணால் பார்த்தால் ஓரிரு எழுத்துகள் கூடத் தெரியவில்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, “உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, சரி. வேறு ஒளியைக் கேட்டுப் பார்த்தீர்களா?” என்றார். இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே.

நாம் காணும் ஒளி, ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது. அலைநீளத்தில் சொன்னால் ஏறத்தாழ 400 நானோமீட்டரிலிருந்து 700 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இந்த வரம்புக்கு இருபுறமும் ஒளி நின்றுவிடுவதில்லை. நம் கண்தான் நின்றுவிடுகிறது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியில் பாதரசம் இன்னும் மேலே ஏறியது. அதுவே அகச்சிவப்பு. மறு ஆண்டே ஜெர்மனியில் யோஹான் ரிட்டர், ஊதாவைத் தாண்டிய வெற்றிடத்தில் வெள்ளிக் குளோரைடு விரைவாகக் கறுப்பதைக் கண்டார். அது புற ஊதா. அந்த வெள்ளி உப்புகளே பின்னர் புகைப்படச் சுருளின் உயிராயின. ஆகவே புகைப்படக் கலை பிறக்கும் முன்பே காணாத ஒளி தன் கைரேகையை அதில் வைத்துவிட்டது என்று சொல்லலாம்.

வெயில் கொளுத்தும் ஊர்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் திருத்தணியில் வாழும் நமக்கு, அகச்சிவப்பு என்றதும் வெப்பம் என்றே தோன்றும். இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். கொரோனாக் காலத்தில் பள்ளி வாயிலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் கருவி உணர்ந்தது நம் உடல் தானே வெளியிடும் அகச்சிவப்பு. அதன் அலைநீளம் ஏறத்தாழ 10,000 நானோமீட்டர். அதைப் படமாக்கும் கேமராவுக்குக் கண்ணாடி லென்ஸ் உதவாது. ஜெர்மானியம் என்னும் தனிமத்தாலான லென்ஸ் வேண்டும். அகச்சிவப்புப் புகைப்படம் என்று நாம் இங்கே சொல்வது அதுவன்று. சிவப்பை அடுத்து, 700-க்கும் 1,000-க்கும் இடைப்பட்ட பகுதி. அது சூரியனிலிருந்தோ விளக்கிலிருந்தோ வந்து, பொருளின் மீது பட்டுத் திரும்பும் ஒளிதான். சாதாரண லென்ஸ் வழியாகவே அது வரும்.

அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட் 1910-இல் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்களில் மர இலைகள் பனி மூடியதுபோல் வெண்மையாகவும், நீல வானம் கருமையாகவும் இருந்தன. பச்சை இலை, நமக்குத் தெரியாமலே, அகச்சிவப்பை அவ்வளவு வாரி இறைக்கிறது. நம் கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும் இரு பொருள்கள் அகச்சிவப்பில் ஒன்று வெண்மையாகவும் ஒன்று கருமையாகவும் பிரிந்து நிற்கக்கூடும். ஓலைக்கு இதுதான் வழி.

நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையைக் கீறினர். கீறிய வரியில் விளக்குக் கரியையோ வேறு கரியையோ எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தனர். கீறலுக்குள் கரி தங்கி எழுத்து தெரிந்தது. காலப்போக்கில் ஓலை பழுத்துப் பழுப்பாகி, பழுப்பு முதிர்ந்து கருமையாகிவிட்டது. இப்போது கருமையின் மேல் கருமை. ஆனால் முதிர்ந்த ஓலையின் பழுப்பு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். கரியோ அதையும் விழுங்கிவிடும். எனவே அகச்சிவப்புப் படத்தில் ஓலை வெளுத்து, எழுத்து மட்டும் கறுத்து நிற்கும்.

இது எங்கள் கண்டுபிடிப்பன்று. நம் திருமறையோடு தொடர்புடைய கதையொன்று இதற்கு உண்டு. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த தோல் சுருள்களில் எசாயா ஆகமமும் இருந்தது என்பதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். அங்குக் கிடைத்த துண்டுகள் ஆயிரக்கணக்கானவை; அவற்றுள் பல, எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி கறுத்திருந்தன. எருசலேமின் பாலஸ்தீனத் தொல்பொருள் காட்சிச்சாலையில் புகைப்படக்காரராயிருந்த நஜீப் அல்பீனா 1950-களில் அவற்றை அகச்சிவப்பில் படமெடுத்தார். தொமினிக்கன் துறவி ரோலண்ட் தெ வோ தலைமையில் அறிஞர் குழு படித்துத் தொகுத்தது பெரும்பாலும் அந்தப் படங்களைப் பார்த்தே. எழுதப்பட்ட மை கரி மை என்பதால்தான் இது கைகூடிற்று.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. உடுப்பிப் பகுதி மடத்தில் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாகக் காக்கப்பட்டு வந்த, மத்வாசாரியாரின் சர்வமூல கிரந்த ஓலைச்சுவடியை 2006-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர்கள் பி.ஆர். முகுந்தும் ரோஜர் ஈஸ்டனும் டிஜிட்டல் கேமராவும் அகச்சிவப்பு வடிகட்டியும் கொண்டு படமாக்கினர். ஓலை நீளமானது அல்லவா? ஒவ்வோர் ஓலையையும் பகுதி பகுதியாகப் படமெடுத்துப் பின்னர் கணிப்பொறியில் ஒட்டினர்.

சரி, கருவிக்கு வருவோம். இந்தக் கலையில் விலை உயர்ந்தது கேமராதான் என்று நாங்களும் நினைத்தோம். உண்மையில் முதன்மையானது வடிகட்டி, அதாவது ஃபில்டர். வேண்டாத ஒளியைத் தடுப்பதுதான் வேலையின் பெரும்பகுதி; மீதியை கேமரா பார்த்துக்கொள்ளும். அகச்சிவப்புக்கான வடிகட்டி பார்வைக்குக் கறுப்புக் கண்ணாடி. 720 நானோமீட்டர் வகை எளிதில் கிடைக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரிதும் தடுத்து, அதற்கு அப்பாலுள்ளதை விடும்.

படச்சுருள் காலத்தில் இதற்கெனத் தனிச் சுருளே வேண்டியிருந்தது. அதைக் கும்மிருட்டில்தான் கேமராவில் மாட்ட வேண்டும். கோடாக் நிறுவனம் தன் புகழ்பெற்ற அகச்சிவப்புச் சுருளை 2007-இல் நிறுத்திவிட்டது. டிஜிட்டல் கேமராவின் உள்ளே இருக்கும் சிலிக்கான் உணரியோ, இயல்பாகவே 1,100 நானோமீட்டர் வரை பார்க்கவல்லது. நிறங்கள் கெட்டுவிடும் என்பதால் தயாரிப்பாளர்கள் அதன் முன்னே அகச்சிவப்பைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடி ஒன்றை வைத்துவிடுகிறார்கள். பிறவியிலேயே வந்த பார்வைக்குத் திரை போட்டதுபோல! இந்தத் தொழிலில் உள்ளவர்கள் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்ட கேமராவைப் பயன்படுத்துகிறார்கள். இதை வீட்டில் யாரும் முயல வேண்டாம், கேமரா பாழாகும். ஃபிளாஷ் விளக்குள்ள கேமராவைத் திறந்தால் மின்னதிர்ச்சியும் தாக்கும்.

எங்களுக்குக் கிடைத்த வழி வேறு. ஆய்வக அலமாரியில் இருபது ஆண்டுப் பழமையான டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. தொலைக்காட்சியின் ரிமோட்டை அதன் முன் நீட்டிப் பொத்தானை அழுத்தினோம். ரிமோட்டின் நுனி கேமராத் திரையில் பளீரென்று ஒளிர்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் இந்தப் பழைய கேமராவின் திரை மெல்லியது, வேலைக்கு ஆகும் என்று பொருள். எங்கள் ஆசிரியையின் புதிய கைப்பேசியில் பின்புறக் கேமரா இதைக் காணவேயில்லை. பழையது வென்ற இடம் இது ஒன்றே போலும்!

வடிகட்டி வாங்கும் முன், இலவசமாக ஒரு சோதனை செய்தோம். கடைத்தெருப் புகைப்பட நிலையத்தில், கழுவிய பழைய வண்ண நெகட்டிவ் சுருளின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்டுக் கறுத்த துண்டுகளைக் கேட்டு வாங்கினோம். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதன் வழியே பார்த்தால் விளக்குகூட மங்கித் தெரியும். ரிமோட்டின் ஒளியை மட்டும் கேமரா தாராளமாகக் காண்கிறது. படம் தெளிவாக வராது. ஆனால் தத்துவம் விளங்கிவிடும். கறுப்பு வெள்ளைச் சுருள் இதற்கு உதவாது. அதன் கருமை வெள்ளி உலோகம், அது அகச்சிவப்பையும் மறைக்கும்.

பிறகு வந்தது எங்களை மூன்று நாள் அலைக்கழித்த சிக்கல். முறையான வடிகட்டியைப் போட்டு, முக்காலித் தாங்கியில் கேமராவை நிறுத்தி, ஆய்வகத்தின் அத்தனை விளக்குகளையும் ஏற்றியும் படம் வெறும் இருட்டாகவே வந்தது. கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினோம். சிஸ்டர் வந்து மேலே பார்த்துச் சிரித்தார். ஆய்வகம் முழுவதும் எல்.இ.டி. விளக்குகள். அவை கண்ணுக்கு வேண்டிய ஒளியை மட்டும் தந்து மின்சாரத்தை மிச்சப்படுத்துபவை. அகச்சிவப்பு அவற்றில் அநேகமாக இல்லை. நாம் வீண் என்று ஒதுக்கிய பழைய குண்டு பல்பு, தான் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்பாகவே கொட்டுகிறது. கன்னியர் மடத்து ஸ்டோர் அறையில் இரண்டு நூறு வாட் பல்புகள் கிடைத்தன. ஓலை சூடாகாதபடி தள்ளி வைத்து, இரு பக்கமும் சாய்வாக ஒளி பாய்ச்சினோம். திறப்பு நேரம் பதினைந்து விநாடி. யாரும் நடக்கக்கூடாது, மேசையைத் தொடக்கூடாது.

படம் வந்தது. ஆனால் மங்கல். அகச்சிவப்பு, லென்ஸ் வழியே வளையும்போது குவியும் இடம் சற்று விலகிவிடும் என்பதே காரணம். பழைய லென்ஸ்களில் இதற்காகவே சிவப்புப் புள்ளி ஒன்று குறித்திருப்பார்கள். நாங்கள் துவாரத்தைச் சுருக்கி, குவியத்தை அணுஅணுவாக நகர்த்திப் பல படம் எடுத்து நல்லதைத் தேர்ந்தோம்.

கட்டில் நாற்பத்து மூன்று ஓலைகள். முதலில் மென்மையான தூரிகையால் தூசி தட்டினோம். ஈரத்துணி படவே கூடாது. ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்க முயலவும் கூடாது. நான்கு ஓலைகளை அப்படியே விட்டுவிட்டோம். கட்டின் மேலும் கீழும் இருந்த ஐந்து ஓலைகள் அகச்சிவப்பிலும் கறுப்பாகவே இருந்தன. காரணம், சமையலறைப் புகைக்கரியும் கரிதானே! எழுத்தின் கரியையும் புகையின் கரியையும் வேறு பிரிக்க எந்த ஒளிக்கும் தெரியவில்லை. வேறு சில ஓலைகள் வெறுமையாக வெளுத்து வந்தன. எழுதிவிட்டு மை பூசாமலே விட்ட ஓலைகள் அவை. அவற்றுக்கு அகச்சிவப்பு தேவையே இல்லை. இருட்டறையில் டார்ச் விளக்கை ஓலையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்தால் கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்புகிறது. நம் ஊர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள அபராஜித பல்லவன் காலத்துக் கல்வெட்டுகளும் இந்த இனமே. கல்லில் எழுத்து வடிவமாக இருக்கிறதே தவிர நிறமாக இல்லை. அதற்குத் தாளை ஒற்றி எடுக்கும் மைப்படியே சிறந்தது.

ஆனால் நடுவிலிருந்த ஓலைகள்! கணிப்பொறித் திரையில் முதல் ஓலை விரிந்தபோது எங்களில் ஒருத்தி கத்தியே விட்டாள். சாம்பல் நிற ஓலையில் வரிவரியாக எழுத்து.

படிப்பது வேறு கதை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்திலேயே காட்ட வழிசெய்தவர் இத்தாலியிலிருந்து வந்த குரு வீரமாமுனிவர் என்று தமிழ் வகுப்பில் படித்தபோது அது ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் தோன்றியது. ஓலையைக் கையில் வைத்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் மாலை வேளைகளில் வந்து உட்கார்ந்து படித்துச் சொன்னார்.

புற ஊதாவை மறந்துவிடவில்லை. அதில் இரண்டு முறைகள் உண்டு; பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். பொருளிலிருந்து திரும்பும் புற ஊதாவையே படமாக்குவது ஒன்று. சாதாரணக் கண்ணாடி லென்ஸ் ஏறக்குறைய 350 நானோமீட்டருக்குக் கீழ் எதையும் விடாது என்பதால், ஆழ்ந்த புற ஊதாவுக்குக் குவார்ட்ஸ், புளூரைட் படிகங்களாலான லென்ஸ் வேண்டும். அது நம் எட்டாக்கனி. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள், நம் ஊரிலிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியனை 200 முதல் 400 நானோமீட்டர் ஒளியில் படமெடுக்கும் தொலைநோக்கி இருக்கிறது. வளிமண்டலம் அந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் கருவியையே மேலே அனுப்ப வேண்டியதாயிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி என்பதைத் தோழியர் குறித்துக்கொள்ளலாம்.

மற்றொரு முறை எளிது. இருட்டறையில் பொருளின் மீது புற ஊதாவை வீசினால், சில பொருள்கள் அதை விழுங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழும். அதைச் சாதாரணக் கேமராவே எடுக்கும். 365 நானோமீட்டர் டார்ச்சும், சிதறும் புற ஊதாவைத் தடுக்க லென்ஸின் முன் இளமஞ்சள் வடிகட்டியும் போதும். ஜெர்மானிய பெனடிக்டின் துறவி ரஃபேல் கோகல், 1914-ஆம் ஆண்டை ஒட்டி, சுரண்டி அழித்து மீண்டும் எழுதப்பட்ட தோல் ஏடுகளை இம்முறையில் படிக்க வழி கண்டார். தோல் ஒளிரும், இரும்பு மையின் எச்சம் பட்ட இடம் ஒளிராது, அழித்த எழுத்து இருளாக எழும். அந்த இரும்பு மை அகச்சிவப்பில் மறைந்தே போகும். எந்த ஒளியைக் கேட்பது என்பதை மைதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் டார்ச்சைப் போட்டதும் முதலில் ஒளிர்ந்தவை எங்கள் வெள்ளைச் சீருடைகள்! சலவைத் தூளில் கலந்துள்ள வெண்மையூட்டிகளின் வேலை அது. ரூபாய் நோட்டில் சிதறிய நுண்ணிழைகளும் மின்னின. ஓலையில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டின் மேற்பலகையில் பச்சை கலந்த மஞ்சளாகத் திட்டுத் திட்டாய் ஒளி. அத்தனையும் ஆயா ஆண்டுதோறும் வைத்த மஞ்சள். விரல் பதிந்த வடிவம்கூடச் சில இடங்களில் இருந்தது.

ஓர் எச்சரிக்கை. புற ஊதா டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவோ, அது பட்டுத் திரும்பும் பளபளப்பை உற்றுப் பார்க்கவோ கூடாது. அதற்கெனத் தகுந்த காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் விளக்கு பள்ளிக்குள் வரவே கூடாது. சில நிமிடங்களிலேயே கண்ணையும் தோலையும் புண்ணாக்கிவிடும்.

ஓலையில் இருந்தது மந்திரமுமன்று, மருந்துமன்று. நெல் கடன் கணக்கு. பிலவ வருஷம் என்று குறித்திருக்கிறது. அறுபது ஆண்டுக்கொரு முறை அப்பெயர் திரும்பி வருவதால் 1901-ஆ, 1841-ஆ என்று எங்களால் முடிவு செய்ய இயலவில்லை. தமிழில் தொடங்கிய கணக்கு பாதியில் தெலுங்குக்கு மாறிவிடுகிறது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இரு மொழியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்ததில் வியப்பில்லை. தெலுங்குப் பகுதியை ஆய்வக உதவியாளர் அக்கா படித்தார்.

செய்தியைச் சொல்ல ஆயா வீட்டுக்குப் போனோம். “கணக்குக்கா இத்தனை வருஷம் பூப் போட்டேன்?” என்று முதலில் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசவில்லை. “யாருக்காவது நாம தரவேண்டியது இருக்கா, பாத்தீங்களா?” என்று கேட்டார்.

இருந்தது. கடைசித் தெலுங்கு ஓலையில், இரண்டு தூம் நெல் தரவேண்டியது என்று இருக்கிறது. யாருக்கு என்பது ஓலையின் இடது முனையில் இருக்க வேண்டும். அந்த முனை புகைக்கரியின் கீழ் இருக்கிறது. அதைச் சேதமின்றி நீக்க சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடத்தில் பயின்ற கைகள் வேண்டும். விடுமுறையில் எடுத்துப் போவதாக இருக்கிறோம். மற்ற ஓலைகள் வீடு திரும்பிவிட்டன. அது மட்டும் பருத்தித் துணியில் சுற்றி ஆய்வக அலமாரியில் இருக்கிறது. பேர் தெரிந்ததும் உடனே வந்து சொல்லச் சொல்லி ஆயா எங்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்.